போர்ன்மவுத் பந்தயம்: மறைந்துபோன ஒரு டென்னிஸ் போட்டியின் வரலாறு

விம்பிள்டன் என்ற பெயரை அறியாதவர் நம்மில் எவரும் இருக்க மாட்டார்கள். டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டறியாத மாணவியும், ஜூன் மாதக் கடைசியில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பாள். ஆனால் போர்ன்மவுத் என்று சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? விம்பிள்டனில் இன்று வெற்றி பெறும் ஒரு பெண்மணி கோடிக்கணக்கான ரூபாய்ப் பரிசை எல்லோருக்கும் முன்னால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாரே, அதற்கு வழி திறந்த முதல் இடம் அந்தக் கடற்கரை ஊர்தான். அங்கு நடந்துவந்த போட்டி இப்போது இல்லை. அதன் கதையைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விழைகிறோம்.

இங்கிலாந்து நாட்டின் தென்கரையில், ஆங்கிலக் கால்வாயை நோக்கி அமைந்திருக்கிறது போர்ன்மவுத். நம் நாகப்பட்டினத்தையோ தூத்துக்குடியையோ போல அது பழமையான துறைமுகம் அன்று. 1810-ஆம் ஆண்டளவில்தான் அங்கே முதல் மாளிகை எழுந்தது. அதுவரை வெறும் புதர்க்காடு. பிறகு பைன் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். அம்மரங்களின் மணம் கலந்த கடற்காற்று நெஞ்சு நோய்க்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லவே, நோயாளிகள் வந்தார்கள். 1870-இல் இரயில் வந்தது. அதன்பின் நோயாளிகளைக் காட்டிலும் விடுமுறைக்காரர்களே மிகுதியாக வரத் தொடங்கினர். கடற்கரைப் பாலம், பூங்காக்கள், பெரிய பெரிய ஓட்டல்கள் என்று ஊர் வளர்ந்தது. ஆங்கிலப் பாடத்தில் 'புதையல் தீவு' படித்த தோழியர்க்கு ஒரு செய்தி: அதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் நெஞ்சு நோயின் பொருட்டு இவ்வூரில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். பகலில் கண்ணியமான மருத்துவராகவும் இரவில் வேறொரு மனிதனாகவும் வாழும் டாக்டர் ஜெக்கிலின் கதையை அவர் எழுதியது இங்கேதான். அந்த இரட்டை வாழ்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் டென்னிஸ் கதைக்கும் அது பொருந்தும்.

கடற்கரை ஊருக்கும் டென்னிசுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இங்கிலாந்தில் அந்த உறவு மிக நெருக்கமானது. ஈஸ்ட்பர்ன், டார்க்கி, ஸ்கார்பரோ, ஃபிரின்டன் என்று கடலோர ஊர்கள் பலவற்றிலும் டென்னிஸ் போட்டிகள் நடந்தன. விடுமுறைக்கு வந்தவர்களுக்கு மாலைப் பொழுது போக வேண்டும். ஓட்டல்காரர்களுக்கு அறைகள் நிரம்ப வேண்டும். ஆட்டக்காரர்களுக்கோ தங்க இடமும் நல்ல காற்றும் வேண்டும். மூன்றும் ஒன்றுசேர்ந்தால் போட்டி பிறந்துவிடும். நம் ஊர்த் திருவிழாவையொட்டிக் கபடிப் போட்டி நடப்பதில்லையா? அதுபோலத்தான்.

'பிரிட்டிஷ் ஹார்டு கோர்ட் சாம்பியன்ஷிப்' என்னும் நம் போட்டி முதலில் 1924-ஆம் ஆண்டு டார்க்கி என்னும் இன்னொரு கடற்கரை ஊரில் தொடங்கியது. 1927-இல் போர்ன்மவுத்திலுள்ள வெஸ்ட் ஹான்ட்ஸ் கிளப்புக்கு மாறிற்று. 'மேற்கு ஹாம்ப்ஷயர்' என்பதன் சுருக்கமே 'வெஸ்ட் ஹான்ட்ஸ்'. 1974-இல் எல்லைகளை மாற்றியபோது போர்ன்மவுத் அடுத்த மாவட்டமான டார்செட்டில் சேர்ந்துவிட்டது. கிளப் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

'ஹார்டு கோர்ட்' என்னும் சொல் இங்கே நம்மைக் குழப்பும். இன்று அச்சொல்லைக் கேட்டால் சிமெண்டுத் தரையைத்தான் எண்ணுவோம். ஆனால் அக்கால ஆங்கிலேயருக்கு டென்னிஸ் என்றால் புல்தரை. புல் இல்லாத தரையெல்லாம் 'கடினத் தரை'. போர்ன்மவுத்தில் இருந்தது செம்மண் நிறத் தரை. சுட்ட களிக்கல்லையும் செங்கல்லையும் பொடித்துப் பரப்பி, உருளையால் அழுத்தி, நீர் தெளித்துப் பக்குவப்படுத்துவார்கள். இதன் நன்மை என்னவென்றால், மழை பெய்து ஓய்ந்ததும் நீர் விரைவில் கீழிறங்கிவிடும். புல்தரையில் ஆட முடியாத ஏப்ரல் மாதத்திலும் இதில் ஆடலாம். புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு ஓடும். செம்பொடித் தரையில் பட்ட பந்தோ வேகம் குறைந்து உயர எழும்பும். ஆகவே ஒரே அடியில் எதிரியை வீழ்த்துவது அரிது. பொறுமையும் கால்வலிமையும் உடையவரே வெல்வார். காலைச் சறுக்கியபடியே பந்தை அடிக்க வேண்டும். ஆட்டம் முடியும்போது வெள்ளைக் காலுறைகள் சிவந்துபோகும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதக் கடைசியில், விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்னரே, இப்போட்டி நடைபெற்றது. முப்பதுகளில் இங்கே கொடிகட்டிப் பறந்தவர் பிரெட் பெர்ரி. 1932 தொடங்கி 1936 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆடவர் பட்டம் அவருடையதே. விம்பிள்டனிலும் 1934, 1935, 1936 என மூன்று முறை வென்ற வீரர். தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகன். பெண்களில் டாரதி ரவுண்டு என்னும் வீராங்கனை இப்போட்டியில் வென்றவர்களுள் ஒருவர். அவர் விம்பிள்டனில் இருமுறை பட்டம் பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பித்த ஆசிரியை அவர். ஆண்டவரின் நாளில் மட்டையைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். எவ்வளவு பெரிய போட்டியானாலும் ஞாயிறன்று ஆட மறுத்தார். இதைப் படிக்கும் நம் அருட்சகோதரியர் புன்னகை புரிவார்கள் என்று நம்புகிறோம்!

இனி, கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். அக்காலத்து டென்னிஸ் உலகில் இரண்டு சாதிகள் இருந்தன எனலாம். ஒன்று 'அமெச்சூர்', மற்றொன்று 'புரொபஷனல்'. ஆட்டத்தின் மேலுள்ள அன்பினால் மட்டும் ஆடுபவர் அமெச்சூர். அவர் பரிசுப் பணம் வாங்கக் கூடாது, கோப்பை வாங்கலாம். பணத்துக்காக ஆடுபவர் புரொபஷனல். டென்னிஸ் கற்பித்துச் சம்பளம் பெற்றாலும் அவர் புரொபஷனல்தான். விம்பிள்டன், பிரெஞ்சு, அமெரிக்க, ஆஸ்திரேலியப் போட்டிகளும், நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பையும் அமெச்சூர்களுக்கு மட்டுமே உரியவை. ஒருமுறை பணம் வாங்கிவிட்டவர் திரும்பி வரவே முடியாது. முன்பு சொன்ன பிரெட் பெர்ரி 1936-இன் இறுதியில் புரொபஷனல் ஆனார். உடனே, மூன்று முறை பட்டம் வென்ற அதே விம்பிள்டன் கிளப் அவருடைய கௌரவ உறுப்பினர் உரிமையைப் பறித்துக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்து, 1984-இல், அதே கிளப் தன் வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தது. காலம் செய்யும் வேடிக்கை இது!

பணம் வாங்காமல் ஆடுவது உயர்ந்ததுதானே என்று தோன்றலாம். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். ஆண்டில் எட்டு மாதம் நாடு நாடாகச் சென்று ஆடுகிறவர் எப்படிச் சாப்பிடுவார்? செல்வந்தர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கவலையில்லை. மற்றவர்களுக்கு? போட்டி நடத்துவோர் 'பயணச் செலவு' என்ற பெயரில் ஒரு தொகையைக் கமுக்கமாகக் கையில் கொடுத்தார்கள். புகழ் கூடக் கூடத் தொகையும் கூடிற்று. கணக்குப் புத்தகத்தில் அது வராது. இது ஊரறிந்த இரகசியம். பகலில் கண்ணியமான அமெச்சூர், இரவில் கூலி பேசும் ஆட்டக்காரர் என்ற இந்த இரட்டை வாழ்வைக் கண்டு விம்பிள்டன் கிளப்பின் தலைவராக இருந்த ஹெர்மன் டேவிட் மனம் வெதும்பினார். அமெச்சூர் டென்னிஸ் என்பதே நடமாடும் பொய் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாகர்கோவிலில் பிறந்து சென்னையில் ஆடி வளர்ந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர். புரொபஷனல் குழுவை நடத்திவந்த அமெரிக்கரான ஜாக் கிரேமர், மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாகக் கூறி அவரைத் தம் குழுவுக்கு அழைத்தார். அந்நாளில் அது மலைக்கத்தக்க தொகை. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடும் உரிமை போய்விடும். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். 1966-இல் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தபோது அவர் நம் அணியில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பணத்தை ஏற்றுக்கொண்டவர்களின் நிலையோ பரிதாபமானது. ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால் 1957-இல் புரொபஷனல் ஆனார். அவருடைய இருபத்திரண்டாம் வயதிலிருந்து முப்பத்து மூன்றாம் வயது வரை, ஒரு வீரனின் பொற்காலம் முழுவதும், விம்பிள்டன் வாசல் அவருக்கு அடைத்தே கிடந்தது. அமெரிக்காவின் பாஞ்சோ கான்சாலஸ் 1949-லிருந்தே வெளியே நின்றார். ராட் லேவர் 1962-இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தார். உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் உள்விளையாட்டு அரங்குகளிலும், ஊர் ஊராக விரித்த தற்காலிகத் தரைகளிலும், நாடகக் கம்பெனிபோல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உலகப் பட்டம் என்று சொல்லப்பட்டதை மற்றவர்கள் வென்றுகொண்டிருந்தார்கள்.

1960-இல் பாரிசில் கூடிய உலக டென்னிஸ் சம்மேளனத்தில், இரு சாதியாரும் ஒன்றாக ஆடும் 'திறந்த' போட்டிகளை அனுமதிக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். ஐந்தே வாக்குகள் குறைந்ததால் தீர்மானம் தோற்றது. அந்த ஐந்து வாக்குகளால் எட்டு ஆண்டுகள் வீணாயின. கடைசியில் இங்கிலாந்தே துணிந்து முன்வந்தது. 1967 ஆகஸ்டில் விம்பிள்டன் நடுக்களத்திலேயே எட்டுப் புரொபஷனல்களை அழைத்து ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள். மக்கள் திரண்டு வந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம், எங்கள் நாட்டில் இனி இந்த வேற்றுமை இல்லை, எல்லோரும் ஆட்டக்காரர்களே என்று தீர்மானித்தது. சம்மேளனம் விலக்கிவைப்பதாக அச்சுறுத்தியும் பின்வாங்கவில்லை. 1968 மார்ச் 30-ஆம் நாள் பாரிசில் மீண்டும் கூடிய சம்மேளனம் வேறு வழியின்றி இணங்கியது. அவ்வாண்டுக்குப் பன்னிரண்டு திறந்த போட்டிகளுக்கு அனுமதி அளித்தது. நாட்காட்டியில் அவற்றுள் முதலாவது எது? ஏப்ரல் கடைசியில் நடைபெறும் போர்ன்மவுத் போட்டி!

இப்படித்தான் அந்த அமைதியான கடற்கரை ஊர் வரலாற்றில் இடம்பெற்றது. விம்பிள்டனுக்கு உரியதென்று எல்லோரும் எண்ணியிருந்த பெருமை, நாட்காட்டி ஒழுங்கினால் போர்ன்மவுத்துக்கு வாய்த்தது.

1968 ஏப்ரல் 22, திங்கட்கிழமை. குளிரும் மழைச்சாரலும் கலந்த நாள். டென்னிஸ் வரலாற்றின் முதல் திறந்த ஆட்டத்தில் மோதியவர்கள் லேவரும் ரோஸ்வாலும் அல்லர். பிரிட்டிஷ் சங்கத்தில் பயிற்சியாளராகச் சம்பளம் பெற்றுவந்த ஆஸ்திரேலியர் ஓவன் டேவிட்சனும், ஜான் கிளிஃப்டன் என்னும் பிரிட்டிஷ் அமெச்சூரும் எதிரெதிரே நின்றார்கள். முதல் புள்ளியை எடுத்தவர் கிளிஃப்டன். ஆனால் 6-2, 6-3, 4-6, 8-6 என்ற கணக்கில் டேவிட்சன் வென்றார். சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவர் என்பதற்காக ஒதுக்கப்பட்டிருந்த ஒரு வாத்தியார் முதல் திறந்த வெற்றியைப் பெற்றது நமக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

லேவர், ரோஸ்வால், கான்சாலஸ், ராய் எமர்சன், ஆந்திரே கிமேனோ, பிரெட் ஸ்டோலி ஆகிய ஆறு பெரும் புரொபஷனல்கள் வந்திருந்தார்கள். அமெச்சூர்களை இவர்கள் பந்தாடிவிடுவார்கள் என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியவர் மார்க் காக்ஸ். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்த இருபத்து நான்கு வயது இளைஞர், இடது கையால் ஆடுபவர், அமெச்சூர். அவர் சந்தித்ததோ, நாற்பதாவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த கான்சாலசை. முதல் செட்டில் காக்ஸுக்கு ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை: 0-6. அதோடு முடிந்தது என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் காக்ஸ் அடுத்த செட்டை 6-2 என எடுத்தார். பிறகு 4-6 என இழந்தார். மீண்டும் 6-3, 6-3. கான்சாலசின் சர்வீஸ் புகழ்பெற்றது. ஆனால் அந்தச் செம்பொடித் தரை அதன் வேகத்தை உறிஞ்சிக்கொண்டது. ஐந்து செட்டுகள் ஓடிய கால்களில் வயது தெரிந்தது. திறந்த போட்டியில் புரொபஷனலை வென்ற முதல் அமெச்சூர் காக்ஸ். அதோடு நின்றாரா? விம்பிள்டனை இருமுறை வென்ற எமர்சனையும் 6-0, 6-1, 7-5 என்று வீழ்த்தினார். அரையிறுதியில் லேவர்தான் அவரை அடக்கினார்.

இறுதியில் எதிர்பார்த்தபடியே லேவரும் ரோஸ்வாலும். ரோஸ்வால் உயரத்தில் சிறியவர், பின்கையடியில் பெரியவர். முதல் செட்டை 3-6 என இழந்தும் 6-2, 6-0, 6-3 என அடுத்த மூன்றையும் வென்றார். பரிசு 1,000 பவுண்டு. பதினோரு ஆண்டுகள் பின்வாசலில் நின்ற மனிதர், முன்வாசல் வழியாக உள்ளே வந்து பணத்தை எல்லோரும் பார்க்க வாங்கிக்கொண்டார். சில வாரங்களுக்குப் பின் பாரிசில் முதல் திறந்த பிரெஞ்சுப் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

பெண்கள் பட்டம்? இதுவே நம் போன்ற பெண்கள் பள்ளியின் மலரில் விரிவாகச் சொல்லப்பட வேண்டியது.

வர்ஜீனியா வேட் போர்ன்மவுத்திலேயே 1945-இல் பிறந்தவர். ஒரு வயதில் குடும்பத்துடன் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அவருடைய தந்தை டர்பன் நகரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் உயர்குருக்களில் ஒருவர். அங்கேதான் வேட் டென்னிஸ் கற்றுக்கொண்டார். பதினைந்தாம் வயதில் இங்கிலாந்து திரும்பினார். பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். ஆட்டமும் படிப்பும் ஒன்றாகப் போகாது என்று சொல்லும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்! 1967-இல் தாம் பிறந்த ஊரில் அவர் பட்டம் வென்றிருந்தார். 1968-இல் ஸ்காட்லாந்தின் வின்னி ஷாவை 6-4, 6-1 என வென்று மீண்டும் பட்டம் பெற்றார். திறந்த டென்னிஸ் வரலாற்றின் முதல் பெண் வெற்றியாளர் அவரே.

அவருக்குரிய பரிசு 300 பவுண்டு. வேட் அதை வாங்கவில்லை. அமெச்சூராகவே இருந்துவிட்டு, செலவுத்தொகையை மட்டும் பெற்றுக்கொண்டார்.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது இரண்டு கட்சிகள் எழுந்தன. பணத்தைக் காலால் தள்ளியது பெருந்தன்மை என்றது ஒரு கட்சி. உழைத்துப் பெற்ற கூலியை வேண்டாமென்பது பெருந்தன்மை அன்று. அதனால் கொடுப்பவனுக்குத்தான் இலாபம் என்றது மற்றொரு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவ்வாண்டு உலகம் முழுவதிலும் திறந்த போட்டிகள் பன்னிரண்டே. மற்றப் போட்டிகளில் பழைய சட்டமே நிலவியது. அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாத நேரத்தில், முந்நூறு பவுண்டுக்காக அமெச்சூர் என்ற சீட்டைக் கிழித்துப்போடுவது எளிதன்று.

ஆனால் அந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கள் இரு கட்சிகளும் ஒன்றாகிவிட்டன. ஆடவர்க்கு 1,000, மகளிர்க்கு 300. புதிய உலகத்தின் முதல் போட்டியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! பழைய வேற்றுமையை ஒழித்த கையோடு புதிய வேற்றுமையை எழுதிவைத்துவிட்டார்கள். ஆடவர் ஐந்து செட்டு, மகளிர் மூன்று செட்டு என்று காரணம் சொல்வார்கள். ஐந்துக்கு மூன்று என்று கணக்குப் போட்டாலும் 600 பவுண்டு வர வேண்டுமே! அவ்வாண்டு விம்பிள்டனிலும் இதே கதை: லேவருக்கு 2,000 பவுண்டு, பில்லி ஜீன் கிங் அம்மையாருக்கு 750. செப்டம்பரில் முதல் திறந்த அமெரிக்கப் போட்டியில் வேட் அதே பில்லி ஜீன் கிங்கை வென்றார். இம்முறை பரிசை வாங்கிக்கொண்டார். அது 6,000 டாலர். ஆடவர்க்கோ 14,000. ஆடவர் பட்டம் வென்ற ஆர்தர் ஆஷ் அமெச்சூராக இருந்ததால் நாளொன்றுக்கு இருபது டாலர் படியோடு திரும்ப, பரிசுத்தொகை தோற்றவரான டாம் ஓக்கருக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய சட்டத்தின் வாலும் புதிய சட்டத்தின் தலையும் ஒரே மேடையில் தெரிந்த காலம் அது.

பில்லி ஜீன் கிங் சும்மா இருக்கவில்லை. 1970 செப்டம்பரில் ஒன்பது பெண்கள், ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஹூஸ்டன் நகரில் தங்களுக்கென்று தனிப் போட்டி நடத்தினார்கள். 1973-இல் அமெரிக்கத் திறந்த போட்டி இருபாலருக்கும் ஒரே பரிசு என்று அறிவித்தது. விம்பிள்டன் அதைச் செய்ய 2007 வரை காத்திருந்தது.

மீண்டும் போர்ன்மவுத்துக்கு வருவோம். முதல் திறந்த போட்டியை நடத்திய ஊர் அதன்பின் செழித்தோங்கியிருக்க வேண்டும். சில ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. 1969-இல் ஜான் நியூகோம்ப் வந்து வென்றார். 1970-இல் 'கிராண்ட் பிரீ' என்னும் புதிய உலகத் தொடர் இவ்வூரிலிருந்தே தொடங்கியது. அவ்வாண்டுப் பட்டம் நம் மார்க் காக்ஸுக்கு. பிறகு பனாட்டா, நஸ்டாசே, ஒராண்டெஸ் எனப் பெரிய பெயர்கள் வந்தன. மகளிரில் மார்கரெட் கோர்ட்டும் ஈவான் கூலகாங்கும் வென்றார்கள். வேட் 1973, 1974 ஆண்டுகளிலும் வென்று, பிறந்த ஊரில் நான்கு பட்டங்களைச் சேர்த்துக்கொண்டார்.

பின்னர் ஏன் தேய்ந்தது? நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். முன்பு அமெச்சூர்களுக்கு ஊரின் அழகும் ஓட்டலின் உபசாரமும் போதுமானவையாக இருந்தன. வெளிப்படையாகப் பணம் வந்த பிறகு, எங்கே பரிசு அதிகமோ அங்கேதானே ஆட்டக்காரர் போவார்? அதே வசந்த காலத்தில் ஐரோப்பாவின் வெயில் காயும் நகரங்களிலும் அமெரிக்க அரங்குகளிலும் பெரும் பரிசுகள் காத்திருந்தன. போர்ன்மவுத்திலோ ஏப்ரல் மழை. உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் கம்பளியும் குடையும் தேவை. மேலும் ஆங்கிலேயருக்குச் செம்பொடித் தரை எந்நாளும் மாற்றாந்தாய்ப் பிள்ளைதான். அவர்கள் மனம் புல்தரையில். போர்ன்மவுத் திறந்துவிட்ட கதவு வழியாக உள்ளே வந்தவர்கள், அதே கதவு வழியாக வேறிடம் போய்விட்டார்கள்.

1983-இல் ஸ்பெயின் நாட்டு ஹோசே ஹிகேராஸ் வென்றதோடு ஆடவர் போட்டி நின்றது. 1996-இல் அதே வெஸ்ட் ஹான்ட்ஸ் கிளப்பில், அதே செம்பொடித் தரையில், ஒரு சர்வதேச ஆடவர் போட்டி மீண்டும் தலையெடுத்தது. இம்முறை செப்டம்பரில் நடத்தினார்கள். ஃபெலிக்ஸ் மன்டில்லா 1997, 1998 என இருமுறை வென்றார். 1999-இல் ருமேனியாவின் அட்ரியான் வோய்னியா வென்றது கடைசி. 2000-ஆம் ஆண்டு அந்தப் போட்டி பிரைட்டன் என்னும் வேறொரு கடற்கரை ஊருக்குப் போயிற்று. அங்கு உள்ளரங்கத்தில் ஆடினார்கள். கடலும் இல்லை, செம்பொடியும் இல்லை.

வர்ஜீனியா வேட்டின் கதையில் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. விம்பிள்டனில் பதினைந்து முறை முயன்றும் அவருக்குப் பட்டம் கிட்டவில்லை. பதினாறாம் முறை, 1977 ஜூலை முதல் நாள், போட்டியின் நூற்றாண்டு விழாவில் எலிசபெத் அரசியார் வந்து அமர்ந்திருக்க, நெதர்லாந்தின் பெட்டி ஸ்டோவிடம் முதல் செட்டை 4-6 என இழந்து, பின் 6-3, 6-1 என வென்றார். முப்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு ஒன்பது நாட்களே இருந்தன. அவ்வாண்டு ஆடவர் பட்டம் பெற்ற போர்குக்கு 15,000 பவுண்டு, வேட்டுக்கு 13,500.